திருமண மண்டபத்தின் ஒலி: இரவு 10 மணிக் கட்டுப்பாடு நோயாளியை எந்த அளவு காக்கும்?

வீட்டில் இதய நோயாளியோ, பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவரோ, பிறந்து சில நாள்களே ஆன குழந்தையோ இருக்கும்போது அருகிலுள்ள மண்டபத்தில் திருமணம் நடந்தால், "இரவு 10 மணிக்கு மைக் செட்டை நிறுத்திவிடுவார்கள்" என்பதே பலரும் கூறும் ஆறுதல். இந்த ஆறுதலில் பாதி மட்டுமே உண்மை. சட்டம் 'இரவு' என்று வரையறுப்பது 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான எட்டு மணி நேரம் முழுவதையும். அதிகாலை முகூர்த்தத்திற்காக 4 மணிக்கே ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதும் அதே தடைக்குள் அடங்கும். பகலிலும் ஒலிக்கு வரம்பு உண்டு. இவ்விரண்டும் பரவலாக அறியப்படாததால், நோயாளியின் உறக்கம் முன்னிரவிலும் விடியலிலும் குறைந்துபோகிறது.

உடலில் என்ன நிகழ்கிறது?

நாம் உறங்கும்போதும் செவி தன் பணியை நிறுத்துவதில்லை. திடீரென எழும் மேள ஒலி அல்லது வெடிச்சத்தம், நோயாளி கண் விழிக்காவிட்டாலும், இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சிறிது நேரம் உயர்த்துகிறது. உடல்நலம் உள்ளவருக்கு இது ஓர் இரவின் அசௌகரியம். கீழ்க்கண்டோருக்கு அவ்வாறன்று:

- இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர்: உறக்கம் துண்டுபடுவதால் இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டை மீறலாம்.
- வலிப்பு நோயாளிகள்: உறக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் முக்கியக் காரணங்களுள் ஒன்று.
- இருமுனை மனநோய் உள்ளோர்: உறக்கம் தவறுவது நோய் மீண்டும் தலைதூக்க வழிவகுக்கலாம்.
- மறதிநோய் உள்ள முதியோர்: இரவில் குழப்பமும் பதற்றமும் மிகும், எழுந்து நடந்து விழும் அபாயம் உண்டு.
- பச்சிளங் குழந்தைகளும் பிரசவித்த தாய்மார்களும்: இருவரின் உறக்கமும் ஒன்றையொன்று சார்ந்தது.

நல்ல உறக்கத்திற்குப் படுக்கையறையில் சராசரி ஒலி 30 டெசிபலுக்குள்ளும், இடையிடையே எழும் ஒலி 45 டெசிபலுக்குள்ளும் இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியுள்ளது.

மலையடிவார ஊர்களில் ஒலி ஏன் தொலைவு செல்கிறது?

கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள முள்ளுக்குறிச்சி போன்ற ஊர்களில் நகரத்து வாகன இரைச்சல் இல்லை. சூழல் அமைதியாக இருப்பதால் தொலைவில் ஒலிக்கும் பாட்டும் தெளிவாகக் கேட்கும். காற்றசைவற்ற தெளிந்த இரவுகளில் தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்ந்துவிடுகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று அடுக்கு நிற்கிறது. மேல்நோக்கிச் செல்லும் ஒலி அங்கே வளைந்து மீண்டும் தரைக்கே திரும்புகிறது. பகலில் கேளாத மண்டபத்து ஒலி இரவில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாழ்சுருதி ஒலி, அதாவது பெரிய ஒலிப்பெட்டிகள் எழுப்பும் 'தும் தும்' என்ற அதிர்வு, சுவர்களையும் மூடிய சன்னல்களையும் எளிதில் ஊடுருவும். வழக்கமான டெசிபல் அளவீட்டில் தாழ்சுருதிக்குக் குறைந்த மதிப்பே தரப்படுகிறது. எனவே கருவி குறைவாகக் காட்டினும், நெஞ்சில் அதிர்வதாக நோயாளி கூறுவதைப் புறக்கணிக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன் முக்கியக் கூறுகள் இவை:

- ஒலிபெருக்கி பயன்படுத்த உரிய அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை.
- குடியிருப்புப் பகுதியில் சூழல் ஒலி வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல்.
- தனியார் இடத்தின் எல்லையில் ஒலி இவ்வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. அதாவது குடியிருப்புப் பகுதி மண்டபத்தின் சுற்றுச்சுவரருகே பகலில் 60 டெசிபல். இது இருவர் அருகருகே நின்று இயல்பாகப் பேசும் ஒலியின் அளவே.
- இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கும் இசைக்கருவிகளுக்கும் தடை. மூடிய அரங்கினுள், உள்ளிருப்போருக்காக மட்டும் பயன்படுத்தலாம். திறந்தவெளிப் பந்தலுக்கும் மொட்டைமாடிக்கும் இவ்விலக்கு இல்லை.
- ஒலி எழுப்பும் பட்டாசுகளை இரவு நேரத்தில் வெடிக்கக் கூடாது.

நள்ளிரவு 12 மணி வரையிலான தளர்வு, பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் மாநில அரசு வழங்கக்கூடியது. தனியார் திருமணத்திற்கு அது தானாகப் பொருந்தாது.

மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் தானாகவே அமைதி மண்டலம் ஆகிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். 2017-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அரசு தனியே அறிவிக்கை செய்த பகுதியே அமைதி மண்டலம். உங்கள் ஊர் மருத்துவமனைப் பகுதி அவ்வாறு அறிவிக்கப்பட்டுள்ளதா என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நீதிமன்றம் யாரை மனத்தில் கொண்டது?

சென்னை மாதவரம் பகுதியின் கே.கே.ஆர். நகரில் ஒரு வழிபாட்டுக் கூடத்தின் ஒலிபெருக்கியை எதிர்த்துக் குடியிருப்போர் நலச்சங்கம் தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 30.8.2000 அன்று தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வழியே வழிபட வேண்டும் என எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று கூறிய நீதிமன்றம், முதியோர், நோயுற்றோர், குழந்தைகள் ஆகியோரின் அமைதிக்கான உரிமையைத் தனியே சுட்டிக்காட்டியது. வழிபாட்டிற்கே இவ்வரம்பு பொருந்தும் எனில், திருமண வரவேற்பு அதற்கு மேலான உரிமை கோர இயலாது.

சட்டம் இருந்தும் இடைவெளி எங்கே?

சிற்றூரில் மண்டபத்தில் திருமணம் நடத்துபவர் பெரும்பாலும் உறவினர் அல்லது அண்டை வீட்டார். சுபகாரியத்தின் நடுவே காவலரை அழைத்தவர் என்ற பெயரைச் சுமக்க எவரும் விரும்புவதில்லை. ஆகவே நிகழ்ச்சி தொடங்கியபின் செய்யும் புகாரைவிட, மூன்று நான்கு நாள்களுக்கு முன் பேசும் பேச்சே பெரிதும் பயன்தரும்.

1. மணவீட்டாரையும் மண்டப மேலாளரையும் நேரில் சந்தித்து நோயாளியின் நிலையைக் கூறுங்கள்.
2. "சத்தத்தைக் குறையுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், குறிப்பாகக் கேளுங்கள்: ஒலிப்பெட்டிகளை உங்கள் வீட்டுப் பக்கம் திருப்பாதிருத்தல், தாழ்சுருதியைக் குறைத்தல், தெருவில் குழாய் ஒலிபெருக்கி கட்டாதிருத்தல், காலை 6 மணிக்கு முன் நாதஸ்வரமும் தவிலும் ஒலிபெருக்கியின்றி அரங்கினுள் மட்டும் ஒலித்தல்.
3. மைக் செட் அமைப்பாளரிடமும் பேசுங்கள். ஒலியின் அளவு அவர் கையில்தான் உள்ளது.
4. பலனில்லையெனில், காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வ மனு அளித்து ஒப்புகை பெறுங்கள். மருத்துவச் சீட்டின் நகலை இணைக்கலாம்.

பகல்நேரப் புகாருக்கு ஒலி வரம்பை 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் தாண்டியிருக்க வேண்டும். இரவுநேரத் தடையை மீறினால் அந்த மீறலே புகாருக்குப் போதுமானது. கைப்பேசிச் செயலியின் அளவு தோராயமானது. பேச்சுவார்த்தைக்கு உதவும், சான்றாகாது. அவசர நேரத்தில் 112 அல்லது 100-ஐ அழைக்கலாம்.

அன்றிரவு வீட்டில் செய்ய வேண்டியவை

- மண்டபத்திற்கு எதிர்ப்புறமுள்ள அறையில் நோயாளியைப் படுக்க வையுங்கள். மண்டபப் பக்கச் சன்னல்களை மூடி, மறுபக்கத்தில் காற்றோட்டம் இருக்கட்டும்.
- காதில் பஞ்சு வைப்பதால் பெரும் பயன் இல்லை. நுரைப்பொருள் காதடைப்பான் பெரியவர்களுக்கு உதவும். காதில் சீழ் வடிபவர்களும் குழந்தைகளும் அதைப் பயன்படுத்தக் கூடாது.
- வழக்கமான மருந்துகளை உரிய நேரத்தில் கொடுங்கள். வலிப்பு மருந்தின் ஒரு வேளையும் தவறக் கூடாது.
- மருத்துவர் அறிவுரையின்றித் தூக்கமாத்திரை தர வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவோருக்கும் அது ஆபத்தானது.
- இரவுறக்கம் குறைந்தால் மறுநாள் பகலில் ஓய்வு தந்து, இரத்த அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கைகால் தளர்தல், பேச்சுக் குழறல், ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிக்கும் வலிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் காலம் தாழ்த்தாமல் 108-ஐ அழையுங்கள். திருமணத்திற்குச் சென்று வந்தவருக்குத் திடீரெனக் காது கேளாமல் போனாலோ, காதிரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே அணுக வேண்டும். தாமதித்தால் கேட்கும் திறனை மீட்பது கடினமாகும். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐயும், மனநல ஆலோசனைக்கு 14416-ஐயும் அழைக்கலாம்.