பேச்சுலர் கிச்சன்: தொட்டுக்க கொரியா!



ராத்திரி பதினோரு மணி. லேப்டாப்ல கொரியன் சீரியல் ஓடிக்கிட்டு இருக்கு. ஹீரோவும் ஹீரோயினும் சண்டையை மறந்துட்டு பொரிச்ச சிக்கன் பார்சலைப் பிரிக்கிறாங்க. பக்கத்துல ஒரு சின்னக் கிண்ணம். அதுல ஆரஞ்சும் இல்லாம, சிவப்பும் இல்லாம வழுவழுன்னு ஒரு சாஸ். ஹீரோ சிக்கனை அதுல முக்கி ஒரு கடி கடிக்கிறார். நம்ம கையில என்ன இருக்கு? மெஸ்ல மிஞ்சின, ஆறி அப்பளமாகிப் போன சப்பாத்தி! கொடுமை சார்!

அந்தக் கிண்ணத்தைத்தான் இந்த வாரம் நம்ம ரூமுக்குக் கொண்டு வரப் போறோம். பேரு கோச்சுஜாங் மயோ. அடுப்பு வேண்டாம், கால் மணி நேரம் போதும். ஆனா செய்முறைக்கு முன்னாடி ஒரு ஃப்ளாஷ்பேக். கொஞ்சம் சீரியஸான ஃப்ளாஷ்பேக்.

நான் ஃபைனல் இயர் படிச்சப்போ எங்க ரூம்ல நாலு பேர். ஒருத்தனுக்கு பர்த்டே. 'கேக்கெல்லாம் பழசு, இன்னைக்கு கொரியன் ட்ரீட்'னு நான்தான் பந்தாவா அறிவிச்சேன். சிக்கன் பார்சல். சாஸ் நம்ம கைவண்ணம். ரெண்டு பச்சை முட்டை, எண்ணெய், எலுமிச்சம்பழம்... மிக்ஸியில போட்டு அடிச்சா மயோனைஸ். அதுல கோச்சுஜாங்கைக் கலந்தேன். டேஸ்ட்? சும்மா அள்ளிடுச்சு! ஏழு மணிக்குச் செஞ்ச சாஸ், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கேக் வெட்டுற வரைக்கும் டேபிள் மேலேயே இருந்துச்சு. மே மாச வெயில் வேற.

'பச்சை முட்டையாச்சேடா'னு ஒருத்தன் இழுத்தான். 'எலுமிச்சை இருக்கு, காரம் இருக்கு, எந்தக் கிருமிடா தாங்கும்?'னு டயலாக் விட்டேன். அடுத்த நாள் மதியத்துக்குள்ள மூணு பேருக்கு வாந்தி, வயித்துப்போக்கு, காய்ச்சல். பர்த்டே பேபிக்கு ரெண்டு நாள் டிரிப்ஸ். 'நேத்து என்னப்பா சாப்பிட்டீங்க?'னு டாக்டர் கேட்டார். சொன்னேன். 'பச்சை முட்டை, அஞ்சு மணி நேரம் வெளியில... வேறென்ன நடக்கும்?'னு என்னைப் பார்த்தார் பாருங்க, அந்தப் பார்வையை இன்னும் மறக்கலை. நண்பனுக்கு ஒரு செமஸ்டர் பேப்பர் போச்சு. அவன் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தா கூட நல்லா இருந்திருக்கும்.

அதனாலதான் சொல்றேன், நம்ம ரெசிபியில பச்சை முட்டைக்கு நோ என்ட்ரி. இது என்னோட பயம் மட்டும் இல்லை பாஸ். சால்மோனெல்லா மாதிரி கிருமிகளால ஆபத்துன்னு சொல்லி, பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8-லேர்ந்து ஒரு வருஷத்துக்கு தமிழக அரசே தடை போட்டுச்சு. கடைக்காரருக்குச் சட்டம் இருக்கு. நம்ம ரூம் கிச்சனுக்கு நாமதான் சட்டம்.

கோச்சுஜாங்னா என்ன?

'கோச்சு'ன்னா மிளகாய். 'ஜாங்'னா புளிக்க வெச்ச விழுது. வெறும் மிளகாய் சாஸ்னு நினைச்சுடாதீங்க. சோயாவை வேகவெச்சு, இடிச்சு, செங்கல் மாதிரி பிடிச்சு, காயவெச்சுப் புளிக்க விடுவாங்க. அதுக்குப் பேரு மேஜு. அதைப் பொடிச்சு மிளகாய்த்தூள், பசையுள்ள அரிசி, முளைகட்டின பார்லி, உப்பு எல்லாம் சேர்த்து மண்ஜாடியில நிரப்பி மாசக்கணக்குல விட்டுடுவாங்க. அந்த ஜாடிக்குப் பேரு ஓங்கி. ஓங்கி அடிக்கிற ஓங்கி இல்லீங்க, நம்ம ஊறுகாய் ஜாடிக்கு அக்கா முறை!

நம்ம இட்லி மாவு ஒரு ராத்திரியில பொங்கிடும். இது அவசரமே படாது. மெள்ள மெள்ள அரிசி மாவு சர்க்கரையாகும், சோயா புரதம் உடைஞ்சு ஒரு ஆழமான ருசி வரும். அதனாலதான் கோச்சுஜாங்ல முதல்ல இனிப்பு தட்டும், அப்புறம் உப்பு, புளிப்பு, கடைசியாத்தான் காரம் வந்து கதவைத் தட்டும். தென்கொரியாவுல இதுக்குப் பேர் போன ஊர் சுன்சாங், நமக்குத் திருநெல்வேலி அல்வா மாதிரி. கொரியாவோட இந்த ஜாங் செய்யுற கலையை 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ தன்னோட கலாசாரப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு.

சரி, அதுல மயோனைஸ் எப்படி நுழைஞ்சது? ஓட்டோகிங்கற கொரியன் கம்பெனி 1972-லயே மயோனைஸ் விற்க ஆரம்பிச்சாச்சு. அங்கே காய்ஞ்ச கணவாயைச் சுட்டு, மயோனைஸும் கோச்சுஜாங்கும் வெச்சுத் தொட்டுத் தின்கிறது ரொம்ப சாதாரணம். சோயா சாஸும் நறுக்கின பச்சை மிளகாயும் கலந்த மயோனைஸுக்கும் அங்கே ரசிகர் மன்றம் உண்டு.

கடையில வாங்கும்போது கவனம். சிவப்பு டப்பா கோச்சுஜாங். பச்சை டப்பாவுல இருக்கறது பெரும்பாலும் சம்ஜாங், அது வேற ஐட்டம். கோதுமை ஒத்துக்காதவங்களும் சோயா ஒத்துக்காதவங்களும் லேபிளைப் படிக்காம தொடாதீங்க. எங்கே கிடைக்கும்? பெரிய சூப்பர் மார்க்கெட், ஆன்லைன் தவிர, சென்னைக்காரங்களுக்கு ஒரு போனஸ் உண்டு. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் இங்கே வந்த கொரியர்களை நம்பி கொரியன் மளிகைக் கடைகளும் முளைச்சிருக்கு.

ஸ்டெப் 1: முட்டையில்லா மயோ

காய்ச்சி ஆறவெச்சு ஃபிரிட்ஜுல குளிர வெச்ச பால் கால் கப், கடுகுப்பொடி கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். மூணையும் மிக்ஸி சட்னி ஜார்ல போட்டு அரை நிமிஷம் ஓட்டுங்க. இப்போ அரை கப் சூரியகாந்தி எண்ணெயை நூல் மாதிரி மெல்லிசா, விட்டு விட்டு ஊத்திக்கிட்டே அடிக்கணும். அவசரப்பட்டு மொத்தமா கவிழ்த்தீங்க, கதை கந்தல்! கெட்டியானதும் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு ஊத்தி ரெண்டே சுத்து. நிமிந்து நிக்கும்.

எண்ணெயும் தண்ணியும் மாமியார் மருமகள் மாதிரி ஒட்டாதுன்னு தெரியும்ல? முட்டை மயோவுல நடுவுல நின்னு சமாதானம் பண்றது மஞ்சள் கருவுல இருக்கற லெசித்தின். நம்ம மயோவுல அந்தப் பஞ்சாயத்துத் தலைவர் பால்ல இருக்கற புரதம். தலைவருக்கு வேலை செய்ய டைம் கொடுக்கத்தான் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தச் சொல்றேன். அப்படியும் திரிஞ்சுட்டா கொட்டிடாதீங்க. கழுவின ஜார்ல ரெண்டு ஸ்பூன் குளிர்ந்த பாலை விட்டு, திரிஞ்சதை மெதுவா ஊத்தி அடிங்க. பெரும்பாலும் திரும்பி வந்துடும்.

நல்லெண்ணெய், கடலெண்ணெய் வேண்டாம், அந்த வாசனை மத்ததை அமுக்கிடும். தேங்காயெண்ணெய் ஃபிரிட்ஜுல கட்டியாயிடும்.

ஹாஸ்டல்வாசிகளே, மிக்ஸி இல்லையா? கெட்டித் தயிரை சுத்தமான துணியில கட்டி, கீழே கிண்ணம் வெச்சு, ஃபிரிட்ஜுக்குள்ள மூணு மணி நேரம் வடிய விடுங்க. மயோவுக்கு பதிலா அது. அதுவும் முடியாதா? முட்டையில்லாத மயோனைஸ் பாக்கெட் வாங்கிக்கோங்க. தப்பே இல்லை.

ஸ்டெப் 2: கலக்கல்

மயோ 4 டேபிள் ஸ்பூன், கோச்சுஜாங் 1 டேபிள் ஸ்பூன், தேன் 1 டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், சோயா சாஸ் சில சொட்டு, பூண்டு ஒரு சின்னப் பல். பூண்டை நசுக்கி முதல்ல எலுமிச்சைச் சாறுல பத்து நிமிஷம் ஊற விடுங்க, பச்சை நெடி அடங்கும். அப்புறம் எல்லாத்தையும் ஸ்பூனால கலக்கி, வறுத்துப் பொடிச்ச எள்ளை மேல தூவுங்க. கொரியாவுல வறுத்த எள் எண்ணெய் விடுவாங்க. நம்ம நல்லெண்ணெய்க்கு அந்த வாசனை வராது, அதுக்குத்தான் இந்த எள் டெக்னிக். தயிர்ல செய்யறவங்க எலுமிச்சையைப் பாதியா குறைச்சுக்கோங்க.

கோச்சுஜாங்கே கிடைக்கலைன்னா? காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு டேபிள் ஸ்பூன், மசிச்ச சாதம் ஒரு டேபிள் ஸ்பூன், சோயா சாஸ் ஒரு டீஸ்பூன், வெல்லம் ஒரு டீஸ்பூன், வினிகர் கால் டீஸ்பூன். நல்லா குழைச்சு அந்த இடத்துல போடுங்க. இது கோச்சுஜாங் இல்லை, அதோட தூரத்து சொந்தம். மாசக்கணக்குல புளிச்ச ருசியை அஞ்சு நிமிஷத்துல யாராலயும் கொண்டு வர முடியாது. ஆனா, மாசக் கடைசிக்கு இது போதும்.

க்ரீம்ல ஏன் காரம் அடங்குது?

காரம் ஒரு சுவையே இல்லை, வலி! மிளகாயில இருக்கற கேப்சைசின், சூட்டை உணர்ற நரம்பைத் தட்டி எழுப்புது. சுமார் 43 டிகிரி சூடு பட்டா முழிச்சுக்குற வாங்கி அது. 1997-ல அந்த வாங்கியைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021 மருத்துவ நோபல் பரிசுல பங்கு கிடைச்சது. கேப்சைசின் தண்ணியில லேசுல கரையாது, கொழுப்புல கரையும். அதனாலதான் காரத்துக்குத் தண்ணி குடிச்சா எரிச்சல் போகாது, பால் குடிச்சா அடங்கும். மயோவும் அதே வேலையைத்தான் செய்யுது. காரத்தை அழிக்கலை, கையைப் பிடிச்சு மெதுவா கூட்டிட்டு வருது.

சிக்கன், ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ், வேகவெச்ச முட்டை, வெள்ளரிக்காய், கேரட்னு எதைத் தொட்டாலும் ஹிட்.

ரூல்ஸ் மூணே மூணு. செஞ்ச உடனே மூடி போட்டு ஃபிரிட்ஜுக்குள்ள. தட்டுல வெச்சா நம்ம வெயிலுக்கு ஒரு மணி நேரம்தான், அதுக்கு மேல மிஞ்சினதை யோசிக்காம கொட்டுங்க. ஃபிரிட்ஜுலயும் மூணு நாள்தான், பச்சைப் பூண்டு இருக்கு. சின்ன அளவுலயே செய்யுங்க, வம்பே இல்லை.

போன வருஷம் அந்த பர்த்டே பேபி வீட்டுக்கு வந்திருந்தான். சிக்கன் பக்கத்துல இந்தக் கிண்ணத்தை வெச்சேன். ஒரு நிமிஷம் அதையே பார்த்தான். 'முட்டை?'

'இல்லடா.'

'எப்போ செஞ்சே?'

'நீ பெல் அடிச்சப்போதான்.'

தொட்டான். சாப்பிட்டான். கிண்ணத்தை அவன் பக்கமா இழுத்து வெச்சுக்கிட்டான். எனக்குத் தொட்டுக்க ஒண்ணுமே மிஞ்சலை. போகட்டும், ஒரு செமஸ்டர் பேப்பருக்கு அது ஈடாகுமா என்ன?

அடுத்த வாரம் அடுப்பு பத்த வெப்போம். அதுவரைக்கும் கையைக் கழுவிட்டுக் கலக்குங்க மக்கள்ஸ்!