கையில் கருவி, காலடியில் மண்



என் தமக்கை மகள் ஆசிரியப் பயிற்சி பெற்று வருகிறாள். கோவில்பட்டிக்கு அருகே ஒரு கிராமப் பள்ளியில் பாடம் நடத்தச் சென்றாள். பாடம், கரிசல் மண்.

தமிழகத்தில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியால் அவற்றை ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்தின் காணொளிகள் திறக்கும். அவளும் முயன்றாள்; இணையம் கிடைக்கவில்லை. கால் மணி நேரம் வீணாயிற்று. பிள்ளைகளோ சன்னல் வழியே வெளியே நோக்கியிருந்தனர். அங்கே வெடித்துக் கிடந்தது கரிசல் காடு!

"மாமா, தோற்றுவிட்டேன்" என்று அன்றிரவு கண்கலங்கினாள்.

"இல்லையம்மா, சன்னலைப் பார்க்க மறந்தாய். அவ்வளவே" என்றேன்.

மறுநாள் காணொளியை முன்னதாகவே பதிவிறக்கிக்கொண்டாள். முதலில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றாள். வெடிப்புக்குள் குச்சியை விட்டு ஆழம் அளந்தனர். நீர் ஊற்றிப் பிசைந்தபோது மண் பசையாய் விரலில் ஒட்டியது. நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் என்பது எளிதில் விளங்கிற்று. அதன் பின்னரே, மண்ணுக்குள் பருத்தி வேர் இறங்குவதைத் திரையில் காட்டினாள்.

மதரஸாவில் கரும்பலகையோடும் சுண்ணக்கட்டியோடும் காலம் கழிப்பவன் நான். ஆயினும் கருவியை வெறுப்பவனல்லன். தொட்டறியத் தக்கதற்குக் கை. கண்ணுக்கு எட்டாததற்குத் திரை. இந்த வேறுபாட்டை உணர்ந்து பயன்படுத்துவதே ஆசிரியரின் திறமை.

பெற்றோரே, இல்லத்தில் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுக்குமுன் நீங்களும் ஒருமுறை சன்னலைத் திறந்து பாருங்கள்.