சும்மா பாடும் உரிமை

"பாட்டு கேக்க வந்த பிள்ள, மொதல்ல நீ ஒண்ணு பாடு பாப்போம்."

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். நாட்டார் பாடல்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒலிப்பதிவுக் கருவியோடு மூன்று ஆண்டுகளாக இந்தக் கரையோரம் அலைகிறேன். "வெட்கப்படாமப் பாடுங்க" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று கருவி என் பக்கம் திரும்பியதும் தொண்டை அடைத்துக்கொண்டது. "எனக்குப் பாட வராதுக்கா" என்றேன். "எனக்கும்தான் வராது. கடல்தண்ணி குடிச்ச தொண்ட" என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்குப் பதிவு நடக்கவில்லை.

இரவு அறைக்கு வந்து பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். எல்லாவற்றிலும் என் குரலை வெட்டியிருந்தேன். நான் கேட்ட கேள்வி, கொட்டிய 'ம்', கூடச் சேர்ந்து முணுமுணுத்தது எதுவுமே இல்லை. ஆய்வுக்குத் தேவையில்லை என்று குறிப்பேட்டில் காரணம் எழுதி வைத்திருந்தேன். உண்மைக் காரணம் வேறு. என் குரலை என்னால் கேட்கச் சகிக்கவில்லை.

பதிவான தன் குரல் பிடிக்காமல் போவது எல்லாருக்கும் நடப்பதுதான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை. மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்தும். அதனால் நமக்கு நம் குரல் கனமாகக் கேட்கிறது. பதிவில் காற்று வழி வந்தது மட்டும் இருக்கும். மெலிந்து, யாருடைய குரலோ போலத் தோன்றும். ஊரே இத்தனை காலம் கேட்டுவந்த குரல் அதுதான். புதிதாகக் கேட்பது நாம் மட்டும்.

இதுவரை உடற்கூறு. இதற்கு மேல் எங்களுக்கு இன்னொரு பாடமும் நடத்தப்பட்டது. நான் படித்த பள்ளியில் காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட 'நல்ல குரல்' உள்ளவர்களைப் பொறுக்குவார்கள். ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் மாறினார்கள். அவர்கள் வந்த தெருக்கள் மாறவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் 'கட்டைக் குரல்', 'நாக்கு திருந்தாத குரல்'. பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். சாதிப் பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வெட்கம் எனக்குப் பிறவியிலேயே வந்தது என்று முப்பது வயது வரை நம்பினேன். அது தினமும் காலை ஒன்பது மணிக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது.

அப்படியானால் எங்கள் ஆட்கள் பாடாதவர்களா? கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடும் அம்பாப் பாட்டில் கடற்கரையே அதிரும். மைக்கைக் கண்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும் என் பெரியம்மா, இழவு வீட்டில் ஊர் முழுக்கக் கூடியிருக்க ஒப்பாரி வைத்து அழுவார். அந்தக் குரலில் நடுக்கமே இருக்காது. 1957இல் சாதி வெறியர்களால் கொல்லப்பட்ட தியாகி இம்மானுவேல் சேகரனின் நினைவிடத்துக்கு, ஒவ்வொரு செப்டம்பர் 11 அன்றும் பரமக்குடியில் கூடும் கூட்டத்தில் நானே தொண்டை கிழிய முழக்கமிட்டிருக்கிறேன். ஒரு துளி வெட்கமும் வந்ததில்லை.

மூன்று இடத்திலும் குரலுக்கு ஒரு காரணம் இருந்தது. வலையை இழுக்க வேண்டும், செத்தவரை அனுப்ப வேண்டும், நீதி கேட்க வேண்டும். காரணம் இருந்தால் நாம் கூசுவதில்லை. தனியாக நின்று, எந்த வேலைக்கும் இல்லாமல், பாட்டைப் பாட்டாகவே பாடு என்றால் மட்டும் கூசுகிறோம்.

சில நாள் கழித்து அதே அக்காவிடம் திரும்பப் போனேன். பாசி எடுத்துவிட்டு வந்து, விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வந்தன. அதுமுதல் பாசி எடுக்கப் போகும் பெண்கள் வனத்துறையைப் பார்த்துப் பார்த்துத்தான் தண்ணீரில் இறங்குகிறார்கள். அங்கே சத்தம் காட்டாமல் இருப்பதும் தொழிலின் ஒரு பகுதி. நான் கருவியை இயக்கிவிட்டு ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடினேன். இரண்டாவது அடியிலேயே சுருதி எங்கோ போய்விட்டது. அக்கா தடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் முடித்ததும் அவராகவே ஒன்று பாடினார். பழக்கதோஷத்தில் கேட்டேன்:

"இது எதுக்குப் பாடுற பாட்டுக்கா?"

"எதுக்குமில்ல தாயி. சும்மா பாடுறது."

என் ஆய்வேட்டில் இதற்குத் தலைப்பு இல்லை. தாலாட்டு, விளையாட்டு, தொழில், வழிபாடு, ஒப்பாரி என்று வகைபிரித்திருந்தேன். நாட்டார் பாடல் தொகுப்புகளைப் புரட்டுங்கள். பெரும்பாலும் இந்த வரிசைதான். பயன்பாட்டை வைத்துப் பிரிப்பதில் வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் பாட்டுக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தாக வேண்டும் என்பதும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. சபாவில் பாடுகிறவரிடம் "இது எதற்குப் பாடும் பாட்டு" என்று யாரும் கேட்பதில்லை. அது கலை. நம்முடையது தொழிற்பாடல். உழைக்கும் சாதிக்காரருக்கு ஓய்வு கிடையாது என்பதுபோல, அவர் பாட்டுக்கும் ஓய்வு கிடையாது. இந்தப் பாகுபாட்டைப் பள்ளி எனக்குக் கற்றுக்கொடுத்தது. நான் அதை ஆய்வேட்டில் அத்தியாயம் பிரித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

'இனிமையான குரல்' என்பதும் இயற்கையாக வந்த அளவுகோல் இல்லை. வானொலியில் குரல்தேர்வு வைத்து பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் போடுவது நமக்குத் தெரியும். தரம் போடும் காது யாருடையது என்ற கேள்வி மட்டும் எப்போதும் பாக்கி. கொல்லங்குடி கருப்பாயியை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லங்குடி அன்றைய ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டம், இன்று சிவகங்கை. வானொலியில் பாடிவந்த அவர், 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் நடிக்கவும் பாடவும் செய்தார். அவர் குரலைத் திருத்திக்கொண்டு வரவில்லை. வயலில் பாடிய அதே குரலோடு வந்தார். தமிழ்நாட்டின் காதுதான் கொஞ்சம் திருந்தியது.

2016இல் பாம்பனில் தொடங்கிய 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலியிலும் இதையே பார்க்கிறேன். மீனவர்களுக்காக மீனவச் சமூகமே நடத்தும் நிலையம். அலை, காற்று, மீன் பற்றிக் கடல் தெரிந்தவர்களின் பேச்சிலேயே பேசுகிறார்கள். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்த நாக்கு அங்கே திருந்த வேண்டியதில்லை. மைக் யார் கையில் இருக்கிறது என்பது மாறினால் வெட்கத்தில் பாதி கழன்றுவிடும்.

மீதிப் பாதியைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். நம் மாவட்டத்தில் வெட்கமே இல்லாமல் ஒலிக்கும் பாட்டு ஒன்று உண்டு. தன் சாதிப் பெயரைச் சொல்லி, மீசை முறுக்கி, அரிவாளைத் தூக்கிக்காட்டும் பாட்டு. திருவிழாவில், வண்டியில், கைப்பேசியில் அது பெருஞ்சத்தமாக ஓடுகிறது. அதைப் பாடியவர் தன் குரல் கட்டையா என்று ஒருநாளும் கவலைப்பட்டிருக்க மாட்டார். இன்னொரு பக்கம் இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் நுழைந்து, 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவில் பாடியவர். அவர் சில ஆண்டுகளுக்கு முன் பாடிய ஒரு பாட்டுக்காக 2024 நவம்பரில் அவர்மீது புகார்களும் மிரட்டல்களும் குவிந்தன. பதிவான குரல் அழிவதில்லை. எப்போது வேண்டுமானாலும் தேடி எடுத்து அடிப்பார்கள்.

ஆகவே "தயங்காதீர்கள், பாடுங்கள்" என்று கூச்சப்படுகிறவருக்கு மட்டும் அறிவுரை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நம் பெண்களின் தயக்கத்தில் பயிற்றுவிக்கப்பட்ட வெட்கமும் இருக்கிறது, அனுபவம் தந்த எச்சரிக்கையும் இருக்கிறது. முதலாவதை உடைக்க வேண்டும். இரண்டாவதை மதிக்க வேண்டும். மாற வேண்டியவர்கள் முதலில் மைக் வைத்திருப்பவர்களும் கேட்பவர்களும்தான். என்னைப் போல் பதிவு செய்யப் போகிறவர்கள், பாடியவர் விரும்பினால் பெயரைப் போட வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பதிவின் படி அவர் கைப்பேசியிலும் இருக்க வேண்டும். நாளை அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். ஒரு பெண் பாடியதற்காகத் தாக்கப்பட்டால், பாட்டைப் பகிர்ந்து ரசித்த அத்தனை பேரும் அவர் பக்கம் நிற்க வேண்டும்.

தோழர்களே, இதோடு ஒரு சின்ன வேலையும் இருக்கிறது. இன்றிரவு உங்கள் கைப்பேசியில் ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். முழக்கமோ இரங்கல் பாட்டோ வேண்டாம். எந்த வேலைக்கும் ஆகாத பாட்டாக இருக்கட்டும். யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. மறுநாள் கேளுங்கள். பத்து நாள் கேட்டால் அந்த அந்நியக் குரல் உங்களுடையது ஆகிவிடும். எனக்கு அதற்கு மேலும் ஆனது.

அந்த அக்காவின் பதிவில் இந்த முறை எதையும் வெட்டவில்லை. சுருதி தப்பிய என் பாட்டு, அலைச் சத்தம், அவர் பாட்டு, "எதுக்குமில்ல தாயி" எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆய்வேட்டில் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்திருக்கிறேன். தலைப்பு: சும்மா பாடுபவை. நெறியாளர் என்ன சொல்வாரோ தெரியாது. கேட்டால், என் குரலிலேயே பதில் சொல்லிக்கொள்கிறேன்.