ஒழுகும் கூரைக்கு யார் கணக்குப் பார்ப்பது?

ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையைச் சரிபார்த்துவிட வேண்டும் என்று நினைக்காத உழைப்பாளி வீடு கிடையாது. ஆனால் கொத்தனாரைக் கூப்பிடுகிற வீடுகள் கொஞ்சந்தான். என்ன கேட்பாரோ என்ற பயம். கடைசியில் மழை வந்து, சட்டியும் வாளியும் வீட்டின் நடுவே உட்கார்ந்த பிறகு, கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். அந்தப் பணத்துக்கு நுண்கடன் கம்பெனியில் கையெழுத்துப் போட்டு வாராவாரம் தவணை கட்டுகிறோம்.

ஆகவே கூரை மராமத்துக்கு என்ன செலவு ஆகும் என்று மழைக்கு முன்பே கணக்குப் போட வேண்டும். அதையும் ரூபாயில் மட்டும் போட்டால் போதாது, நாள் கூலியில் போட வேண்டும். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கொடுத்து, கூலியைப் பாக்கி வைக்காமலும் கொடுத்தால் 33,600 ரூபாய். இதை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். கீழே சொல்லும் மராமத்துத் தொகைகள் நமது ஊர்களில் வழக்கமாகக் கேட்கப்படுபவை. ஊருக்கு ஊர் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

கீற்று வீட்டை எடுத்துக்கொள்வோம். கீற்று ஒன்று 10 முதல் 15 ரூபாய். இருபுறமும் சரிந்த சிறு வீட்டை முழுக்க வேய 500 கீற்றாவது வேண்டும். 12 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். கயிறு, மூங்கில், வேய்கிறவர்களின் கூலி எல்லாம் சேர்ந்தால் 10,000 ரூபாயைத் தொடும். அதாவது முப்பது நாள் கூலி. இரண்டு வருஷத்தில் மறுபடியும் வேய வேண்டும். பத்து வருஷத்தில் ஐந்து தடவை, 50,000 ரூபாய். கீற்று வீடு ஏழைக்கு மலிவு என்று பேசுகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஓட்டு வீட்டுக்காரர் பாடு சற்றுத் தேவலை. பத்திருபது சீமை ஓடுகள் உடைந்திருந்தால் 3,000 ரூபாய் அளவில் காரியம் முடியும். ஆனால் ரீப்பர் கட்டை உளுத்துப் போயிருந்தால் ஓட்டை மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை. அடுத்த காற்றில் அதுவும் சரியும். சிமெண்டு ஷீட் போட்ட வீடுகளில் பெரும்பாலும் ஒழுகுவது ஷீட் அல்ல, போல்ட் இறக்கிய துளைதான். வாஷரை மாற்றினால் சில நூறு ரூபாயில் தீர்ந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஷீட்டை அறுக்கவோ, உடைக்கவோ, உலர்ந்த நிலையில் துளை போடவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவரும். பஞ்சுத் தூசியில் இருமி இருமி வேலை செய்த மில் தோழர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நம்மை அதிகம் ஏமாற்றுவது காங்கிரீட் தளந்தான். சர்க்கார் கட்டிக் கொடுத்த காலனி வீடுகளில் நாம் காண்பது என்ன? தளத்துக்கு வாட்டம் கிடையாது. மழை நின்ற பிறகும் தண்ணீர் குளம்போல நிற்கிறது. மேலே போட வேண்டிய செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தையும் தட்டோட்டையும் பல இடங்களில் போடவே இல்லை. தேங்கிய நீர் மயிரிழை வெடிப்பு வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி காங்கிரீட்டைக் கீழ்ப்பக்கமாகப் பிளந்து தள்ளும். தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் காரைக்கட்டி விழுவது இப்படித்தான்.

இந்த நிலைமையில் ஒருவர் வந்து, “மேலே கெமிக்கல் அடித்தால் போதும்” என்பார். சதுர அடிக்கு 30 முதல் 40 ரூபாய். 300 சதுர அடித் தளத்துக்கு 9,000 முதல் 12,000 வரை. வெடிப்பு சிறிதாக இருந்து, கம்பியும் கெடாமல் இருந்தால் இது சில வருஷம் தாங்கும். வாட்டமே இல்லாத தளத்தில் எதை அடித்தாலும் தண்ணீர் மறுபடியும் வழி கண்டுபிடிக்கும். வாட்டம் கொடுத்து, ஜல்லித் தளம் போட்டு, தட்டோடு பதிக்கச் சதுர அடிக்கு 120 ரூபாய் வீதம் 36,000 ரூபாய். நூறு நாள் வேலையின் முழுக் கூலியும் இதற்குப் போதாது. கீழே கம்பி தெரிகிற இடங்களில் காரையைக் கொத்தி, துருவைத் தேய்த்து, மறுபடி பூச வேண்டும். அது தனிச் செலவு. சதுர அடிக்கு 200 ரூபாய் அளவில் கேட்கிறார்கள். கம்பியைப் பார்க்காமல், மேலே சிமெண்டை அப்பி வெள்ளையடித்துவிட்டுப் போகிறவருக்குக் கொடுக்கிற பணம் தண்டம்.

விலை கேட்பதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். மழை விட்ட மறுநாள் மாடியில் ஏறி, நீர் தேங்குகிற இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, நீள அகலத்தை அளந்து வையுங்கள். “மொத்தமாக இவ்வளவு” என்கிற பேச்சை ஏற்காதீர்கள். எத்தனை சதுர அடி, என்ன வேலை, எத்தனை மூட்டை, எத்தனை ஆள் என்று கேளுங்கள். இரண்டு பேரிடம் கேளுங்கள்.

கொத்தனார் கூலி ஏறியதால்தான் மராமத்துச் செலவு ஏறிவிட்டது என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. கொத்தனாருக்கு நாளைக்கு ஆயிரம் ரூபாய் என்பது வாஸ்தவம். மழைக்காலத்தில் அவருக்கு எத்தனை நாள் வேலை என்று யாராவது கேட்டார்களா? சிமெண்டைப் பற்றி ஏன் பேச்சில்லை? 2025 செப்டம்பர் 21 வரை சிமெண்டுக்கு 28 சதவிகிதம் ஜிஎஸ்டி வரி. அதற்குப் பிறகுதான் 18 சதவிகிதம். மாளிகை கட்டுகிறவன் வாங்கும் மூட்டைக்கும், ஒழுகலை அடைக்க நாம் வாங்கும் ஒரு மூட்டைக்கும் ஒரே வரி!

இனி சர்க்காரின் கணக்கைப் பார்ப்போம். 2000-01ஆம் ஆண்டு வரை பல்வேறு சர்க்கார் திட்டங்களில் கிராமங்களில் கட்டிய வீடுகளில் 2.5 லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் சீரமைப்பதாக 2024இல் மாநில சர்க்கார் அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் வீட்டுக்குச் சராசரி 80,000 ரூபாய். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அதே வீடு புயலில் சேதமடைந்தால்? 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய சர்க்கார் வகுத்த பேரிடர் நிவாரண விதியில், 15 சதவிகிதமாவது சேதமடைந்த பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய், கச்சா வீட்டுக்கு 4,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய். ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பரில் மாநில சர்க்கார் குடிசைக்கு 10,000 ரூபாய் என்று அறிவித்தது. கீற்று வேயவே அவ்வளவு ஆகும் என்று மேலே பார்த்தோம். சுவருக்கும் பாத்திரத்துக்கும் அரிசிக்கும் எங்கே போவது?

சாதாரண நாளில் ஒரு வீட்டைச் சரிசெய்ய 80,000 வேண்டும் என்று ஒரு சர்க்காரின் கணக்கு சொல்கிறது. புயலடித்தால் 6,500 போதும் என்று இன்னொரு சர்க்காரின் விதி சொல்கிறது. இரண்டு தொகையும் ஒரே கூரைக்குத்தான்! சேதத்தை அளந்து, அன்றைய சந்தை விலையில் மதிப்பீடு போட்டு அதைக் கொடுப்பதுதான் நியாயம் என்பது நமது அபிப்பிராயம்.

2001க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு அந்தச் சீரமைப்புத் திட்டத்தில் இடமில்லை. 2011-12இல் தொடங்கிய பசுமை வீடுகள் 300 சதுர அடி, தொடக்கத்தில் 1.80 லட்சம் ரூபாயில் கட்டப்பட்டவை. அவற்றுக்கும் வயது ஏறுகிறது. வருஷத்தை வைத்துக் கோடு போடாமல், தளத்தின் நிலைமையைப் பார்த்துப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் கம்பி தெரிந்தும் பெயர் வரவில்லை என்றால், அளந்து வைத்த கணக்கையும் போட்டோவையும் சேர்த்து அங்கேயே மனுக் கொடுத்து, ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள்.