ஒரு படத்துக்காக ஒரு நூலகத்தையே பூட்டலாமா? பைரசி தடை உத்தரவுகளில் என்ன சிக்கல்?

2017 ஆகஸ்ட் மாதம். ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ தளத்தைத் திறக்கப்போன இந்தியர்கள் பலருக்கு, ‘தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி இந்த முகவரி முடக்கப்பட்டுள்ளது’ என்ற அறிவிப்புதான் வந்தது. யார் முடக்கச் சொன்னது, எதற்காக என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இன்டர்நெட் ஆர்கைவ் ஒன்றும் திருட்டுப் பட தளம் இல்லை. 1996-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட, லாப நோக்கமில்லாத ஒரு டிஜிட்டல் நூலகம். அதன் ‘வேபேக் மெஷின்’ வசதியில் பழைய இணையப் பக்கங்கள் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கும். ஒரு அரசுத் துறை தன் இணையதளத்திலிருந்து சத்தமில்லாமல் நீக்கிய அறிக்கையைத் தேடும் செய்தியாளருக்கும், பதிப்பில் இல்லாத புத்தகத்தைத் தேடும் மாணவருக்கும் கடைசிப் புகலிடம் அதுதான்.

அப்புறம் ஏன் முடக்கினார்கள்? ‘ஜப் ஹாரி மெட் சேஜல்’, ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’ ஆகிய இந்திப் படங்களின் தயாரிப்பு நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கியிருந்தன. முடக்க வேண்டிய தளங்கள் என்று கொடுக்கப்பட்ட பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட முகவரிகள். அதில் ஒன்றாக ஆர்கைவும் இருந்தது. முன்கூட்டியே தங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றது அந்த நிறுவனம். 2,600 முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து யாராவது சரிபார்த்தார்களா என்ற கேள்விக்கான பதில், ஆர்கைவ் அந்தப் பட்டியலில் இருந்ததிலேயே இருக்கிறது.

‘அசோக் குமார்’ யார்?

திருட்டுப் படத்தை ஏற்றியவர் யார் என்று தயாரிப்பாளருக்குத் தெரியாது. பெயர் தெரியாதவர் மேல் வழக்கு போடுவது எப்படி? அமெரிக்காவில் ‘ஜான் டோ’ என்ற கற்பனைப் பெயரில் போடுவார்கள். நம்ம ஊரில் அந்தக் கற்பனை ஆசாமிக்கு ‘அசோக் குமார்’ என்று பெயர். 2002 உலகக் கோப்பை கால்பந்து ஒளிபரப்பை உரிமமில்லாமல் காட்டிய கேபிள் ஆபரேட்டர்களுக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் இப்படி ஒரு உத்தரவு பிறப்பித்தது. அங்கிருந்து இந்த முறை சினிமாவுக்கு வந்தது.

இப்போது பெரிய படங்களின் ரிலீஸுக்கு முன்பு இது ஒரு சடங்கு மாதிரியே ஆகிவிட்டது. படம் வெளியாவதற்குச் சில நாள் முன்னால் மனு, உடனே இடைக்காலத் தடை. எதிர்த் தரப்பில் அசோக் குமாரும் இணைய சேவை நிறுவனங்களும். அசோக் குமார் வரப்போவதில்லை. இணைய நிறுவனங்களுக்கோ தளத்தை முடக்கினால் நஷ்டம் இல்லை. முடக்காவிட்டால்தான் நீதிமன்ற அவமதிப்புப் பயம். ஆக, பட்டியலில் தவறாகச் சேர்ந்துவிட்ட ஒரு தளத்துக்காகப் பேச அந்த அறையில் யாருமே இல்லை.

‘கொலவெறி’ கொடுத்த நெட், பிறகு பூட்டப்பட்ட நெட்

இதன் முதல் பெரிய விளைவைத் தமிழ் சினிமா மூலமாகத்தான் நாடு பார்த்தது. 2011 நவம்பரில் யூடியூபில் வெளியான ‘கொலவெறி’ பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. ஆளாளுக்குப் பகிர்ந்ததால், ஆளாளுக்குத் தங்கள் பாணியில் பாடி ஏற்றியதால் வந்த வெற்றி அது. அதே ‘3’ படத்தின் தயாரிப்பு நிறுவனம் 2012-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய அசோக் குமார் உத்தரவைத் தொடர்ந்து, மே மாதம் விமியோ, டெய்லிமோஷன், பைரேட் பே, பேஸ்ட்பின் போன்ற தளங்கள் பல இணைப்புகளில் மொத்தமாகத் திறக்காமல் போயின.

விமியோவில் குறும்படம் ஏற்றி வைத்திருந்த சுயாதீன இயக்குநர்களின் படங்களும் சேர்ந்தே காணாமல் போயின என்பதுதான் இதில் கொடுமை. தாங்கள் குறிப்பிட்ட லிங்க்குகளைத்தான் கொடுத்தோம் என்றது காப்புரிமைப் பாதுகாப்பு நிறுவனம். இணைய நிறுவனங்களோ முழுத் தளத்தையும் முடக்கின. ஜூன் மாதம் நீதிமன்றமே தலையிட்டு, திருட்டுப் படம் உள்ள குறிப்பிட்ட பக்கத்துக்கு மட்டும்தான் தடை, முழுத் தளத்துக்கு அல்ல என்று தெளிவுபடுத்தியது. அதற்குள் பல நகரங்களில் இளைஞர்கள் முகமூடியோடு வீதியில் இறங்கிப் போராடியிருந்தார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 18 அன்று அமெரிக்காவில் ‘சோபா’, ‘பிபா’ என்ற இரண்டு பைரசி தடுப்பு மசோதாக்களை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா ஒருநாள் இருட்டடிப்பு செய்தது. இரண்டே நாளில் மசோதாக்கள் கிடப்பில் போடப்பட்டன. அங்கே சட்டமாக வராமல் தடுக்கப்பட்ட ஒரு விஷயம், இங்கே பெரிய விவாதமே இல்லாமல் நீதிமன்ற உத்தரவுகள் வழியாக நடைமுறைக்கு வந்துவிட்டது.

பக்கத்தை மட்டும் முடக்க முடியாதா?

முடியும், அன்றைக்கு. 2012-ல் பெரும்பாலான தளங்கள் குறியாக்கம் இல்லாத பழைய முறையில் இயங்கின. நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறக்கிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்கு அப்படியே தெரியும். இன்று கிட்டத்தட்ட எல்லாத் தளங்களும் ‘ஹெச்டிடிபிஎஸ்’ முறைக்கு மாறிவிட்டன. முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் தெரியுமே, அதேதான். இதில் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது மட்டும் பொதுவாக இணைய நிறுவனத்துக்குத் தெரியும். உள்ளே எந்தப் பக்கம் என்பது தெரியாது. எனவே ‘இந்த ஒரு பக்கத்தை மட்டும் தடு’ என்று நீதிமன்றம் எவ்வளவு கவனமாகச் சொன்னாலும், இணைய நிறுவனத்தால் செய்ய முடிவது இரண்டுதான்: முழுத் தளத்தையும் தடுப்பது, அல்லது சும்மா இருப்பது.

ஐபி முகவரியை வைத்துத் தடுத்தால் நிலைமை இன்னும் மோசம். கிளவுட்ஃபிளேர் மாதிரியான நிறுவனங்களில் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் ஏராளமான தளங்கள் இருக்கும். அபார்ட்மென்டில் ஒரு வீட்டில் பிரச்சினை என்று மெயின் கேட்டையே பூட்டுவது போலத்தான்.

இத்தாலியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். கால்பந்து ஒளிபரப்புத் திருட்டைத் தடுக்க 2024 பிப்ரவரியில் ‘பைரசி ஷீல்டு’ என்ற அமைப்பைக் கொண்டுவந்தார்கள். உரிமையாளர் முகவரியைப் பதிவேற்றினால் 30 நிமிடத்துக்குள் இணைய நிறுவனங்கள் முடக்கியாக வேண்டும். நீதிபதி முன்கூட்டியே பார்ப்பது எல்லாம் கிடையாது. அந்த மாதமே கிளவுட்ஃபிளேரின் ஒரு ஐபி முகவரி முடக்கப்பட்டு, சம்பந்தமே இல்லாத தளங்கள் படுத்தன. அக்டோபர் 19 அன்று கூகுள் டிரைவே மாட்டிக்கொண்டது. ஆபீஸ் ஃபைலை டவுன்லோடு செய்ய முடியாமல் இத்தாலியர்கள் மணிக்கணக்கில் தவித்தார்கள். ஸ்பெயினில் 2025 பிப்ரவரி முதல் லா லிகா போட்டி நடக்கும் நாட்களில் இதே கதை.

கேள்வி கேட்ட ஒரு நீதிபதி

2016-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ‘டிஷூம்’ படத்துக்காக இதே மாதிரி மனு வந்தபோது, நீதிபதி கௌதம் படேல் பட்டியலை அப்படியே ஏற்க மறுத்தார். ஒவ்வொரு லிங்க்கையும் சரிபார்த்துப் பிரமாணப் பத்திரம் தரச் சொன்னார். முடக்கப்பட்ட பக்கத்தில் எந்த வழக்கு, பாதிக்கப்பட்டவர் எங்கே முறையிடலாம் என்ற விவரம் இருக்க வேண்டும் என்றார். பிறகு, ‘இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே குற்றம், 3 ஆண்டு சிறை’ என்கிற ரீதியில் பயமுறுத்திய அறிவிப்பைப் பற்றியும், வெறுமனே பார்ப்பது காப்புரிமைச் சட்டப்படி குற்றம் ஆகாது என்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நியாயமான நடைமுறைதான். ஆனால் காற்று வேறு திசையில் அடித்தது. 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் ‘டைனமிக்’ தடையை அறிமுகப்படுத்தியது. முடக்கிய தளம் புதுப் பெயரில் வந்தால் மறுபடி வழக்கு போட வேண்டாம், இணைப் பதிவாளரிடம் மனு கொடுத்தாலே போதும். ‘தமிழ்ராக்கர்ஸ்’ வாரத்துக்கு ஒரு முகவரி மாற்றியதைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை புரியும். அதே தீர்ப்பு, முழுத் தளத்தையும் முடக்க அது முதன்மையாகத் திருட்டுக்காகவே நடத்தப்படும் தளமா என்று பார்க்க வேண்டும் என்ற அளவுகோலையும் வைத்தது. 2023 ஆகஸ்டில் வந்த ‘டைனமிக் பிளஸ்’ இன்னும் ஒரு படி மேலே போனது: இனிமேல் உருவாகப்போகும் படங்களுக்கும் இப்போதே பாதுகாப்பு.

இப்போது நீதிமன்றமே தேவையில்லை

2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் திரையரங்கில் படத்தைப் பதிவு செய்பவருக்குக் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை என்கிறது. அபராதம் 3 லட்ச ரூபாயில் தொடங்கி, படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். தலைப்புச் செய்தியானது இதுதான். அதிகம் பேசப்படாதது, 2023 நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் தணிக்கை வாரியமும் நியமித்த பொறுப்பு அதிகாரிகள். காப்புரிமை வைத்திருப்பவர் இவர்களிடம் புகார் கொடுத்தால், அதிகாரியின் உத்தரவு வந்த 48 மணி நேரத்துக்குள் தளம் அந்த உள்ளடக்கத்தை நீக்க வேண்டும்.

தயாரிப்பாளர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பைரசியால் ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் இழப்பு என்று அரசு அப்போது சொன்னது. முதல் காட்சி முடிவதற்குள் டெலிகிராமில் படம் வந்தால், நீதிமன்றம் போய் வருவதற்குள் வசூலே முடிந்துவிடும். வேகம் வேண்டும் என்பதில் தகராறு இல்லை.

தகராறு, தப்பு நடந்தால் என்ன வழி என்பதில். காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு உண்டு: புகார் வந்தால் தளம் 21 நாள் அந்த உள்ளடக்கத்தை நிறுத்தி வைக்கும். அதற்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நிரூபிக்கும் பொறுப்பு புகார் சொன்னவர் மேல் இருக்கிறது. 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவைச் செல்லும் என்று சொன்னதும், அதில் காரணத்தை எழுத்தில் பதிவு செய்வது போன்ற பாதுகாப்புகள் இருப்பதால்தான். நாட்டின் பாதுகாப்புக்காக ஒரு தளத்தை முடக்குவதற்கே இவ்வளவு விதி. படத்தின் ஓப்பனிங் வசூலுக்காக முடக்கும்போது அதில் பாதிகூட இல்லை.

நாளைக்கு நீங்கள் வேலைக்குப் பயன்படுத்தும் ஒரு தளம் திடீரென்று திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சர்வர் கோளாறா, தடையா என்று தெரியாது. தடை என்றால் எந்த நீதிமன்றம், எந்த வழக்கு எண் என்று தெரியாது. வழக்கு எண்ணே தெரியாமல் எங்கே போய் மனு கொடுப்பது? படேல் 2016-ல் கேட்ட அந்த நாலு வரி விவரத்தை முடக்கப்பட்ட ஒவ்வொரு பக்கத்திலும் போடுவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. இன்றைக்கும் முடக்கப்பட்ட தளங்கள் பலவற்றில் காரணமே சொல்லாத அந்த ஒற்றை வரிதான் வருகிறது. சிலவற்றில் அதுகூட இல்லாமல் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.