கேரி தீவும் காலணிக் கட்டுரையும்

தமிழ்ப்பள்ளி மாணவருக்குச் சிந்திக்க வராது என்போர் நம்மிடையே பலர். வரவிடாமல் தடுப்பவர் யாவர் என்று அன்னார் கேட்பதில்லை. 'நான் ஒரு காலணி' என்னும் தன்கதையை ஆசிரியர் கரும்பலகையில் எழுத, மாணவர் படியெடுத்து நெட்டுருப் போட்டுத் தேர்வுத்தாளில் இறக்கிவைக்கும் வழக்கம் எத்தனை தலைமுறையாக நடந்து வருகிறது! கண்ணாடிப் பேழையில் வீற்றிருந்து, ஒரு சிறுவனிடம் விலைபோய், குப்பைத் தொட்டியில் கண்ணீர் வடிக்கும் அக்காலணிக்கு ஊருமில்லை, உழைப்புமில்லை.

பழி தேர்வின் மேல் போடப்பட்டது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது, காலணி ஒழியவில்லை. 2013இல் தொடங்கிய கல்விப் பெருந்திட்டம் உயர்நிலைச் சிந்தனைத் திறனை வற்புறுத்தியது. நாள் பாடத்திட்டத்தில் ஒரு கட்டம் கூடிற்று. அதனை நிரப்பவும் சிந்தனை தேவைப்படவில்லை.

கோல லங்காட் மாவட்டத்துக் கேரி தீவை நோக்குக. கேரி என்னும் வெள்ளைத் துரையின் பெயர் தாங்கிய அத்தீவில் கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை. தமிழ்ப்பள்ளிகள் உண்டு, மரச்சிற்பத்தில் பேர்பெற்ற மா மெரி பழங்குடியினர் உண்டு, தோட்ட நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. ஆராய்ச்சி யாது என்று காட்ட வேறிடம் வேண்டுமோ?

செம்பனை காற்றினால் சூல்கொள்ளும் என்றே இந்நாட்டில் நெடுங்காலம் நம்பினர். காய்ப்பிடிப்போ போதவில்லை. ஆகவே தோட்டத் தொழிலாளர் மகரந்தத்தைப் பொடியோடு கலந்து, மரம் மரமாகச் சென்று பெண் பூவின்மேல் ஊதினர். இங்கும் ஆப்பிரிக்கக் கேமரூனிலும் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன், அங்கே எவரும் ஊதாமலே காய் நிறையப் பிடிப்பதைக் கண்டு, காரணம் வினவினார். பூச்சியியலார் ரகுமான் சையத் கேமரூனில் ஆய்ந்து, அப்பணியைச் செய்வது சின்னஞ்சிறு வண்டு என நிறுவினார். 1981இல் ஜொகூர் மாமோர் தோட்டத்தில் அவ்வண்டு விடப்பட்டது. சில ஆண்டுகளில் ஊதும் வேலை பெரும்பாலும் ஓய்ந்தது. அப்பூவை நாள்தோறும் கண்ட தொழிலாளரும் இவ்வினாவை எழுப்பியிருக்கலாம். அவர் வினாவைக் குறித்துக்கொள்ள எவரும் ஏடு திறக்கவில்லை.

அந்த ஏட்டை இன்று மாணவன் திறக்கலாமே! மகரந்தம் ஊதிய பாட்டி ஒருவர் லயத்தில் இருப்பாராயின், அவரிடம் சென்று கேட்கட்டும். எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள்? நாளொன்றுக்கு எத்தனை மரம்? வேலை நின்றபின் கூலி என்னாயிற்று? இன்னொரு மாணவன் பழைய மண்டோரைக் கேட்கட்டும். இரு விடைகளும் முரண்படும். எது சரி, எவ்வாறு தெளிவது என்று வகுப்பே வழக்காடட்டும். பாட்டியின் பேச்சுமொழியை எழுத்துமொழியில் வடிக்கத் திணறும் நேரமே மொழிப் பயிற்சி. பிழை மலியுமே என்று அஞ்சும் ஆசிரியருக்குச் சிவப்பு மை எதற்கு?

தனிநாயகம் அடிகளார் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை 1966இல் கூட்டியது கோலாலம்பூரில். அதனை மேடைதோறும் சொல்லிப் பூரிக்கிறோம். அம்மாநகரின் அண்டையிலுள்ள தோட்டப் பிள்ளைக்கோ ஆராய்ச்சி என்பது இன்றளவும் மேடைச் சொல்லே. பந்திங்கிலும் கிள்ளானிலும் வேலை தேடிச் செல்லும் இளைஞனை, "உன் கருத்து என்ன?" என்று நேர்காணலில் கேட்கின்றனர். கருத்துச் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. பதினோராண்டுப் பள்ளிவாழ்வில் அவனை அவ்வாறு கேட்டவர் எத்தனை பேர்?

வரும் வாரக் கட்டுரைப் பாடத்திற்குப் 'பாட்டி பார்த்த வேலை' என்பது தலைப்பாகட்டும். கரும்பலகையை ஆசிரியர் அன்று வெறுமையாக விடட்டும்.