கண்டிக்குப் பருவம் பார்த்து வந்தவர்கள்

கண்டிக்கு எந்த மாதத்தில் போவது நல்லது என்று கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. எசல பெரஹெர நடைபெறும் ஆடி, ஆவணிக் காலத்தையே எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வதில்லை. பத்திரிகைத் தொழில் காரணமாகவும் உறவின் காரணமாகவும் அந்நகருக்கு ஆண்டின் எல்லா மாதங்களிலும் சென்றிருக்கிறேன். பெரஹெர நாள்களில் ஊர்வலத்தைப் பார்க்கலாம். ஊரைப் பார்க்க முடியாது.

தை, மாசியில் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். இரவில் கம்பளி தேவைப்படும். வாவியைச் சுற்றி நடப்பதற்கும், பேராதனைப் பூங்காவில் ஒரு பகல் முழுவதையும் கழிப்பதற்கும் இதைவிடச் சிறந்த காலம் கிடையாது. சித்திரைப் புத்தாண்டையொட்டி வெயில் ஏறும். பின்னேரங்களில் இடியோடு மழை கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மலைகள் முகிலுக்குள் மறைந்துவிடும். உல்லாசப் பயண நூல்கள் தவிர்க்கச் சொல்லும் காலம் இது. ஆனால் பழைய கட்டடங்களின் ஓட்டுக் கூரைகளும் நீண்ட தாழ்வாரங்களும் ஏன் அப்படி அமைந்தன என்பதை அந்த மழையில்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

இந்த நகரின் கதையை வழிகாட்டிகள் சொல்லும் விதத்தில் எனக்கு நெடுநாளாகவே ஒரு மனக்குறை உண்டு. நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வாவியை வெட்டுவித்தான். 1815இல் ஆங்கிலேயர் இராச்சியத்தைக் கைப்பற்றினர். வேலூருக்கு நாடுகடத்தப்பட்ட மன்னன் 1832இல் அங்கேயே இறந்தான். 1867இல் புகையிரதம் வந்தது. பின்னர் தேயிலை, குயின்ஸ் ஹோட்டல், மவுண்ட்பேட்டன் என்று கதை நீளும். மன்னர்களும் துரைமாரும் மட்டுமே உலவும் கதை.

ஆங்கிலேயர் கைக்கு வந்த கண்டிக்குப் பருவம் பார்த்து முதன்முதலில் கூட்டங்கூட்டமாக வந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். 1820களில் கன்னொறுவ, கம்பளைப் பகுதிகளில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. ஆண்டின் பிற்பகுதியில் வரும் கோப்பி அறுவடைக்குத் தமிழகத்து ஏழை விவசாயத் தொழிலாளர்கள் கங்காணிமாரின் பின்னால் வந்தார்கள். ஊரில் வயல் வேலை குறைந்த மாதங்களில் வந்து, அறுவடை முடிந்ததும் திரும்பினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கும் மேல் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரவர். எத்தனை பேர் என்ற கணக்கில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை. எழுதி வைக்க எவரும் அக்கறை கொள்ளாததே காரணம்.

1869இல் கோப்பியைத் தாக்கிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரை ஒழித்துவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்துக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். வந்துபோனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கிவிட்டார்கள். அவ்வாறு தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும்தான் 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களைத் தலைக்கணக்காகப் பங்கிட்டது. எஞ்சியோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003இல்தான் வந்தது.

தலதா மாளிகைக்குப் பின்புறம், தேசிய அருங்காட்சியகத்தைக் கடந்து சற்று மேலே ஏறினால் பழைய படையணி மயானம் இருக்கிறது. புல் வெட்டப்பட்டு, கல்லறைகள் துடைக்கப்பட்டு நேர்த்தியாகப் பேணப்படுகிறது. 1824இல் இறந்த ஜோன் டொய்லியின் கல்லறை அங்கே உள்ளது. வெயில் தாக்கி இறந்தவர், மலேரியாவில் போனவர், யானை மிதித்து மாண்டவர் என்று ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, திகதி உண்டு. அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இறந்தவர்களை அவ்வாறுதான் நினைக்க வேண்டும். அதே காய்ச்சலில் அதே ஆண்டுகளில் இறந்த நம்மவர்களுக்கு ஒரு கல்கூட இல்லையே என்ற எண்ணம் மட்டும் அங்கு போகும்போதெல்லாம் எழுகிறது. ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் டெய்லரின் உடைமைகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இயந்திரங்களும் பளபளக்கின்றன. கொழுந்து கிள்ளிய விரல்களைப் பற்றி அறிய வேண்டுமானால் அங்கிருந்து கம்பளைப் பக்கம் போக வேண்டும். பழைய லயன் அறைகளிலேயே அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று அங்கு உண்டு. உலக்கை, கூடை, கருப்புக் கம்பளி, பற்றுச்சீட்டு என்று எளிய பொருள்கள்தாம். கண்டிக்கு வரும் பேருந்துகளில் எத்தனை அங்கு திரும்புகின்றன?

இது பழங்கதை என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மலைச்சரிவுகளில் நூற்றாண்டுப் பழைமையான லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் மண்சரிவுக்கு அஞ்சி இரவோடிரவாக வெளியேறின. பயணிக்குக் கார்த்திகை மழை ஒரு காட்சி. காணியுரிமை இல்லாதவனுக்கு அது ஆண்டுதோறும் வரும் அச்சம்.

2023இல், மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அந்த வழியெங்கும் மும்மொழிப் பலகைகள் நாட்டப்பட வேண்டும். கண்டி நகரிலும், படையணி மயானத்துக்குப் போகும் பாதையோரத்திலேயே, பெயரில்லாமல் போனவர்களுக்காக ஒரு கல் வேண்டும். மாநகர சபைக்கு இதனால் பெருஞ்செலவு ஏதும் வந்துவிடாது. உலக மரபுரிமை நகரம் என்று 1988 முதல் பெருமை கொள்ளும் ஊர், எவருடைய மரபுரிமை என்ற கேள்விக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

வெளிநாட்டு நண்பர்களுக்கு நான் சொல்லும் மாதம் மாசி. மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும் காலம் அது. காட்டைக் கடந்து உயிரோடு வந்தவர்கள் இளைப்பாறிய ஊர் மாத்தளை. கண்டியிலிருந்து பதினாறு மைல்தான். காலையில் புறப்பட்டால் தேர் பார்த்துவிட்டு இருட்டுமுன் திரும்பிவிடலாம்.